பலம் முதலில் எங்கே வளர்கிறது?

கண்ணு, சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் போனால் லீ பஜாரில் கொஞ்ச நேரம் நின்று பார். லாரி வந்து நிற்கும். மூட்டை இறங்கும். அரிசி, பருப்பு, வெல்லம், மிளகாய் என்று இறங்கிக்கொண்டே இருக்கும். மூட்டை தூக்கும் அண்ணன்களின் உடம்பைக் கவனி. பலர் ஒல்லியாகத்தான் இருப்பார்கள். புஜம் புடைத்திருக்காது, மார்பு விரிந்திருக்காது. ஆனால் ஐம்பது கிலோ மூட்டை முதுகில் ஏறினாலும் அவர்கள் நடை தளராது.

"இந்த ஒல்லி உடம்பில் இவ்வளவு பலம் எங்கே இருக்கிறது?"

இந்தக் கேள்வி உனக்குத் தோன்றியதா? சபாஷ்! பெரியவர்கள் பலர் தினமும் அந்த வழியாகத்தான் போகிறார்கள். அவர்களுக்குத் தோன்றாதது உனக்குத் தோன்றியிருக்கிறது. இதற்குப் பதில் தேட, பலத்தையே விளையாட்டாக ஆடுகிற ஓர் இடத்துக்கு உன்னைக் கூட்டிப் போகிறேன். அந்த விளையாட்டின் பெயர் வலுதூக்குதல். ஜிம்முக்குப் போகிற அண்ணனோ அக்காவோ இருந்தால் அதைப் 'பவர் லிஃப்டிங்' என்பார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஒலிம்பிக்கில் கம்பியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்பார்களே, பார்த்திருக்கிறாயா? அது பளுதூக்குதல். வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கியது அதில்தான். இரண்டு விதமாகத் தூக்கியதையும் கூட்டினால் 328 கிலோ. 2018இல் கோல்ட் கோஸ்டிலும் அவருக்கே தங்கம். கர்ணம் மல்லேஸ்வரி 2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியதும், மீராபாய் சானு டோக்கியோவில் வெள்ளி வாங்கியதும் அதே பளுதூக்குதலில்தான்.

வலுதூக்குதலில் கம்பி தலைக்கு மேலே போகாது. வேகமும் அவ்வளவு வேண்டாம். மெல்ல மெல்ல ஏறினாலும் சரி, முழுதாக ஏறினால் போதும். இதற்கான உலகச் சம்மேளனம் 1972இல் தொடங்கியது. ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டுக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை. ஆனாலும் பலம் என்றால் என்ன என்று புரிந்துகொள்ள இதைவிட எளிய விளையாட்டு கிடையாது என்பேன். மூன்றே மூன்று வேலைதான்.

முதல் வேலை, ஸ்குவாட். நம் ஊர் தேகப்பயிற்சிச் சாலைகளில் பஸ்கி எடுப்பார்களே, அதேதான். தோளுக்குப் பின்னால் கம்பியைத் தாங்கிக்கொண்டு பஸ்கி எடுக்க வேண்டும். அரைகுறையாக உட்கார்ந்தால் செல்லாது. இடுப்பு மடிகிற இடம் முழங்காலின் மேல்பக்கத்தைவிடக் கீழே இறங்க வேண்டும். பிறகு நிமிர வேண்டும்.

இரண்டாவது, பெஞ்ச் பிரஸ். பெஞ்சில் மல்லாந்து படுத்து, கம்பியை மார்புவரை இறக்கி, அங்கே அசையாமல் நிறுத்த வேண்டும். நடுவர் சொன்ன பிறகு கை முழுதாக நீளும்வரை மேலே தள்ள வேண்டும்.

மூன்றாவது, டெட்லிஃப்ட். தரையில் கிடக்கிற கம்பியைக் குனிந்து பிடித்து, முழங்காலும் இடுப்பும் நேராகும்வரை தூக்கி நிற்க வேண்டும். அவ்வளவுதான். எனக்கு மூன்றிலும் பிடித்தது இதுதான். தரையை விட்டு எழுந்ததா இல்லையா என்பதைக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிற சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடலாம். 2016இல் எடி ஹால் என்ற இங்கிலாந்துக்காரர் 500 கிலோவை இப்படித் தூக்கினார். அது 'ஸ்ட்ராங்மேன்' என்ற வேறொரு பலப்போட்டி. அங்கே மணிக்கட்டில் பட்டை கட்டிக் கம்பியோடு சுற்றிக்கொள்ளலாம். வலுதூக்குதலில் அந்தச் சலுகை கிடையாது. வெறும் விரல்தான்.

இப்போது ஒரு சோதனை. உன் பள்ளிப் பையை எடு. புத்தகமெல்லாம் உள்ளேயே இருக்கட்டும். முதலில் நெஞ்சோடு அணைத்துப் பிடி. இப்போது கையை முன்னால் நீட்டிப் பிடி. என்ன ஆனது? பை ஒரு கிராம்கூடக் கூடவில்லை. ஆனால் தோள் நடுங்குகிறது, இல்லையா?

காரணம் தூரம். பையின் எடை உன் தோளிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி இருக்கிறதோ, அவ்வளவுக்கு அந்த எடை தோளைச் சுழற்றப் பார்க்கும். தூரம் இரட்டிப்பானால் சுழற்றும் சக்தியும் இரட்டிப்பாகும். அதனால்தான் டெட்லிஃப்ட் எடுப்பவர்கள் கம்பியைக் காலை ஒட்டியே மேலே இழுப்பார்கள். நெஞ்செலும்பு போல முழங்காலுக்குக் கீழும் முன்பக்கம் எலும்புதான், சதை கிடையாது. கம்பி அங்கே உரசினால் தோல் வழன்றுவிடும். அதற்காகவே அந்தச் சுற்றில் முழங்கால்வரை நீளமான சாக்ஸ் போட வேண்டும் என்று விதியே இருக்கிறது. லீ பஜார் அண்ணன்களும் மூட்டையை முதுகோடு ஒட்டித்தானே ஏற்றுகிறார்கள்? பள்ளிக்கூடத்தில் நெம்புகோல் பாடம் வரும்போது இதை நினைத்துக்கொள்.

கம்பியைப் பற்றியும் சொல்கிறேன். ஜிம்மில் அதை 'ராடு' என்பார்கள். போட்டிக் கம்பியின் எடை 20 கிலோ. வீட்டுச் சமையல் சிலிண்டரில் எரிவாயு மட்டும் 14.2 கிலோ, இரும்பையும் சேர்த்தால் 30 கிலோவுக்குப் பக்கம் வரும். ஆக, வெறும் கம்பி சிலிண்டரைவிட லேசு. இரண்டு முனையிலும் வட்டத் தட்டுகளைக் கோப்பார்கள். சிவப்பு 25 கிலோ, நீலம் 20 கிலோ, மஞ்சள் 15 கிலோ. தட்டு நழுவாமல் பூட்டுகிற லாக் ஒவ்வொன்றும் இரண்டரை கிலோ.

எங்கே, ஒரு கணக்கு. கம்பி ஒன்று, லாக் இரண்டு, பக்கத்துக்கு ஒரு சிவப்புத் தட்டு. மொத்தம் எவ்வளவு? விரல் விட்டு எண்ணாதே, மனதிலேயே போடு. 75 என்றாயா? சரியான விடை.

தூக்குவதற்கு முன் அவர்கள் கையில் ஒரு வெள்ளைத் தூளைத் தேய்த்துக்கொள்வார்கள். கைவியர்வையை அது உறிஞ்சிவிடும், பிடி வழுக்காது. பார்ப்பதற்குச் சாக்பீஸ் தூளாகத் தெரியும். ஆனால் பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் வேறு, இது வேறு. இது மெக்னீசியம் கார்பனேட். பெயர் புதிதாக இருக்கிறதா? சேலத்துப் பிள்ளைக்குப் புதிதாக இருக்கக் கூடாது! சேர்வராயன் மலையடிவாரத்தில் வெள்ளைக்கல் வெட்டி எடுக்கிறார்களே, அந்த மேக்னசைட்டின் வேதிப்பொருளும் மெக்னீசியம் கார்பனேட்தான். மேக்னசைட் ஜங்ஷன் என்று நம்மிடம் ஒரு ரயில் நிலையமே இருக்கிறது. இரும்பு உருக்கும் உலைகளுக்கு உள்பூச்சுக் கல் செய்யத்தான் நம் வெள்ளைக்கல் பெரும்பாலும் போகிறது. பளு தூக்குகிறவர் கைக்கு வருவது தொழிற்சாலையில் தனியாகச் செய்த மென்மையான தூள். ஆனால் வேதியியல் புத்தகத்தில் இரண்டுக்கும் ஒரே குடும்பப் பெயர்.

சரி, போட்டி எப்படி நடக்கும்? ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வேலையிலும் மூன்று வாய்ப்பு. ஆக மொத்தம் ஒன்பது. ஸ்குவாட்டில் தூக்கிய அதிக எடை, பெஞ்சில் தூக்கிய அதிக எடை, டெட்லிஃப்டில் தூக்கிய அதிக எடை, இந்த மூன்றையும் கூட்டுவார்கள். யாருக்குக் கூட்டுத்தொகை அதிகமோ அவருக்குத் தங்கம். இருவருக்கும் சமமாக வந்துவிட்டால் உடல் எடை குறைந்தவர் ஜெயிப்பார். ஏதாவது ஒரு வேலையில் மூன்று வாய்ப்பும் வீணானால் கூட்டுத்தொகையே கிடையாது. அதனால் அனுபவம் உள்ளவர்கள் முதல் வாய்ப்பில் வீரம் காட்ட மாட்டார்கள். தூக்கத்தில் எழுப்பிச் சொன்னாலும் தூக்கிவிடக்கூடிய எடையைத்தான் கேட்பார்கள்.

எல்லோரையும் ஒரே மேடையில் மோத விடுவதில்லை. எடை வாரியாகப் பிரிப்பார்கள். பதின்வயது மாணவிகளுக்கு 43 கிலோவிலிருந்தே பிரிவு உண்டு. மாணவர்களுக்கு 53 கிலோவிலிருந்து. ஏன் இப்படி? பெரியவர் கூடுதலாகத் தூக்குவார் என்பது ஒரு காரணம். அதற்குள் இன்னொரு அழகான கணக்கும் ஒளிந்திருக்கிறது.

எறும்பு தன் எடையைப் போலப் பல மடங்கு சுமக்கிறது. அந்த எறும்பை எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கு பெரிதாக்கினால் என்ன ஆகும்? நீளம் இரண்டு, அகலம் இரண்டு, உயரம் இரண்டு. பெருக்கு. எடை எட்டு மடங்கு! ஆனால் தசையின் பலம் அதன் குறுக்கு வெட்டுப் பரப்பைப் பொறுத்தது. அகலமும் உயரமும் மட்டும்தான் அதில் கணக்கு. இரண்டைப் பெருக்கினால் நான்கு மடங்கு. எடை எட்டு மடங்கு கூடிவிட்டது, பலமோ நான்கு மடங்குதான் கூடியது. யானை அளவுக்கு எறும்பு வளர்ந்தால் தன் உடம்பைத் தூக்கவே திண்டாடும். மனிதர்களிலும் அப்படித்தான். சிறிய உடம்புக்காரர் தன் எடையைப் போல எத்தனை மடங்கு தூக்குகிறார் என்று பார்த்தால், பெரிய உடம்புக்காரரை மிஞ்சிவிடுவார். நீ ஒல்லியாக இருக்கிறாயா? இந்தப் பத்தியை இன்னொரு முறை படித்துக்கொள்.

பெருக்கல் புரிந்ததா? புரியாவிட்டால் பகடைக் கட்டைகளை அடுக்கிப் பார். இரண்டு மடங்கு பெரிய கட்டை செய்ய எட்டுக் கட்டைகள் வேண்டும்.

இனி நம் கேள்விக்கு வருவோம். பலம் எங்கே இருக்கிறது? தசையில் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அது பாதி விடை.

நீ ஒரு வாளியைத் தூக்க நினைக்கிறாய். உத்தரவு மூளையில் பிறந்து, தண்டுவடம் வழியாக இறங்கி, நரம்பில் ஓடி, தசைக்கு வருகிறது. தசைக்குள் மெல்லிய இழைகள் ஏராளம். ஒவ்வொரு நரம்புச் செல்லும் தனக்கென்று சில இழைகளை வைத்திருக்கிறது. விழியை அசைக்கும் தசையில் ஒரு நரம்புச் செல்லுக்குப் பத்து இழை அளவில்தான் இருக்கும். நுணுக்கமான வேலை அல்லவா! கெண்டைக்காலிலோ ஒரு நரம்புச் செல்லுக்கு ஆயிரத்துக்கும் மேலே. லேசான வாளி என்றால் சின்னக் கூட்டங்கள் மட்டும் வேலை செய்யும். எடை கூடக்கூடப் பெரிய கூட்டங்களையும் உடம்பு எழுப்பும்.

பள்ளி திறந்த முதல் நாளை நினைத்துப் பார். பிரேயர் மணி அடிக்கிறது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் என்ன செய்வார்கள்? சிலர் வகுப்பிலேயே உட்கார்ந்திருப்பார்கள். சிலர் கேட் பக்கம் ஓடுவார்கள். சிலர் எதிரே வருகிறவர்களை இடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு மாதம் போகட்டும். அதே மணி, அதே பிள்ளைகள். ஆனால் மணி அடித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து வரிசையில் நிற்கிறார்கள்.

புதிதாகப் பளு தூக்குகிறவரின் உடம்பிலும் இதுதான் நடக்கிறது. முதல் நாள் உத்தரவு வந்ததும் எல்லா இழைகளும் வேலைக்கு வருவதில்லை. வந்தவையும் ஒரே நேரத்தில் இழுப்பதில்லை. எதிர்ப்பக்கத் தசைகள்கூடச் சேர்ந்து இறுகி வேலையைக் கெடுக்கும். சில வாரம் பழகியதும் நரம்புகள் ஒழுங்குக்கு வந்துவிடும். தசை அப்படியே இருக்கும், பலம் மட்டும் கூடியிருக்கும்.

இதை அளந்தே காட்டினார்கள். 1979இல் மோரிட்டானி, டி வ்ரீஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் சிலருக்கு ஒரு கைக்கு மட்டும் எட்டு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். முதல் சில வாரங்களில் பலம் கூடியதற்கு நரம்புகளே முக்கியக் காரணம்; தசை பெருக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். இன்னொன்றையும் கேள். பயிற்சியே செய்யாத மற்றக் கைக்கும் பலம் கூடியிருந்தது! அந்தக் கையின் தசை பெருக்கவில்லை. பிறகு பலம் எங்கிருந்து வந்தது? நரம்புகள் கற்றுக்கொண்டன. ஒரு கையில் மாவுக்கட்டுப் போட்டிருப்பவர்களுக்கு நல்ல கையால் பயிற்சி கொடுத்துப் பார்ப்பதும் இதனால்தான்.

இப்போது சொல், லீ பஜார் அண்ணனின் பலம் எங்கே இருக்கிறது? தசையில் கொஞ்சம். அவர் வருடக்கணக்காக மூட்டை ஏற்றி ஏற்றிப் பழக்கிய நரம்புகளில் மீதி. மூட்டையை எந்தக் கோணத்தில் வாங்குவது, எப்போது முழங்காலை மடக்குவது, எப்போது மூச்சை இழுத்து வயிற்றை இறுக்குவது என்று அவர் உடம்புக்கே தெரியும்.

உடம்பு எதைக் கற்றுக்கொண்டதோ, அதில்தான் அது கெட்டி. தென் மாவட்டங்களில் இளவட்டக்கல் இருக்கிறது, கேள்விப்பட்டிருக்கிறாயா? உருண்டையான, வழவழப்பான கருங்கல். திருநெல்வேலி மாவட்டத்து வடலிவிளையில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்கும் போட்டி நடக்கிறது. நூறு கிலோவைத் தாண்டிய கல்லையும் தூக்குகிறார்கள். பெண்களும் போட்டியில் இறங்குகிறார்கள். கம்பிக்குப் பிடி இருக்கிறது, கல்லுக்கு இல்லை. குந்தி உட்கார்ந்து, கல்லை அணைத்து, தொடையில் ஏற்றி, நெஞ்சுக்கு உருட்டி, தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்னால் போட வேண்டும். ஜிம்மில் நன்றாக டெட்லிஃப்ட் எடுக்கிற ஒருவர் முதல் தடவை இதில் தோற்றுப்போகலாம். அவருக்குப் பலம் இல்லை என்று அர்த்தமில்லை. அவர் உடம்பு இந்தப் பாடத்தை இன்னும் படிக்கவில்லை.

நரம்பு பழகிய பிறகு தசையின் முறை. தசை இழைக்குள் ஆக்டின், மயோசின் என்று இரண்டு வகைப் புரத நூல்கள் இருக்கின்றன. ஒன்றை ஒன்று பிடித்து இழுத்து நகர்வதால்தான் தசை சுருங்குகிறது. விஞ்ஞானிகள் 1954இல் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். கடினமாக உழைத்த தசைக்குப் போதிய சாப்பாடும் தூக்கமும் கிடைத்தால், இந்த நூல்களை உடம்பு இன்னும் அதிகமாகக் கட்டிக்கொள்ளும். இழை தடிக்கும்.

தசை மட்டும் போதாது. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணும் தாங்க வேண்டும். உன் குதிகாலுக்குப் பின்னால் தொட்டுப் பார். கெட்டியாக ஒன்று தட்டுப்படுகிறதா? அதுதான் தசைநாண். அது கொலாஜன் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரதம் மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட வடிவில் இருக்கிறது என்று உலகத்துக்குச் சொன்ன இடம் எது தெரியுமா? நம் சென்னைப் பல்கலைக்கழகம். ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் அதே 1954இல் சொன்னார்கள். ஆராய்ச்சிக்குக் கங்காருவின் வால் தசைநாணை வரவழைத்துப் பார்த்தார்கள். கங்காரு வாலிலிருந்து சென்னையில் ஒரு கண்டுபிடிப்பு! எனக்கு இதை எத்தனை தடவை சொன்னாலும் அலுக்காது.

ஒரு விஷயம் முக்கியம். தசையைவிடத் தசைநாண் மெதுவாகத்தான் உறுதிப்படும். அவசரப்பட்டு எடையை ஏற்றுகிறவர்களுக்குத் தசை 'சரி' என்று சொல்லும்போது தசைநாண் 'வேண்டாம்' என்று சொல்லும். அந்த வலியைக் கேட்டு நிறுத்தத் தெரிய வேண்டும்.

தசைக்குச் சாப்பாடு வேண்டும் என்றதுமே நாமக்கல் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்களே! ஆமாம், முட்டை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. ஏறத்தாழ 70 கலோரி ஆற்றலும் இருக்கிறது. ஒரு கணக்குப் போடுவோமா? 100 கிலோவை அரை மீட்டர் உயரம் தூக்க 490 ஜூல் ஆற்றல் போதும். 100ஐயும் 9.8ஐயும் அரையையும் பெருக்கினால் அதுதான் விடை. ஒரு முட்டையில் இருப்பது 2,93,000 ஜூல் அளவு. வகுத்துப் பார். அறுநூறு தடவை தூக்கலாம் என்று வருகிறதா?

அப்படி நடக்காது. நம் தசை சாப்பாட்டு ஆற்றலில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும். மீதி வெப்பமாகப் போய்விடும், அதனால்தான் வியர்க்கிறது. அப்படிப் பார்த்தாலும் நூற்றைம்பது தடவை! ஆக, தூக்குவதற்கு எரிபொருள் அதிகம் வேண்டாம்; முட்டையைத் தசைக்கு எரிபொருள் என்பதைவிடக் கட்டுமானப் பொருள் என்பதே சரி. முட்டை சாப்பிடாத வீட்டில் பயறும் நிலக்கடலையும் பாலும் அதே வேலையைச் செய்யும். டப்பாவில் விற்கிற புரத மாவு உன் வயதுக்கு வேண்டவே வேண்டாம். சத்துணவு முட்டையை மிச்சம் வைக்காமல் சாப்பிடு, அது போதும்.

இந்த இடத்தில் கொஞ்சம் கனமான விஷயம் பேச வேண்டும். விளையாட்டு வீரர் தூக்க வேண்டிய எடையைத் தானே தேர்ந்தெடுக்கிறார். ஒருமுறை தூக்கிவிட்டு உட்கார்ந்து இளைப்பாறுகிறார். மூட்டை தூக்கும் அண்ணனுக்கு அந்த வசதி இல்லை. வருகிற மூட்டையைத் தூக்கித்தான் ஆக வேண்டும். இடுப்பெலும்பும் முழங்காலும் தேய்கின்றன. வளர்ந்த ஆண் தொழிலாளி ஒருவர் 55 கிலோவுக்கு மேல் சுமக்கக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இலேயே பரிந்துரைத்திருக்கிறது. அடுத்த முறை லீ பஜாருக்குள் போகும்போது, மூட்டையோடு வருகிறவருக்கு முதலில் ஒதுங்கி வழிவிடு.

"நான் எப்போது ஆரம்பிக்கலாம்?" என்று கேட்கிறாய், அப்படித்தானே? உலகச் சம்மேளனத்தின் விதிப்படி 14 வயதிலிருந்து போட்டியில் சேரலாம். அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. தண்டாலும் பஸ்கியும் எடு. வீட்டில் ஒரு மூங்கில் கம்போ துடைப்பக் கட்டையோ இருக்கும். அதைத் தோளில் வைத்துக்கொண்டு, முதுகு வளையாமல், குதிகால் தரையை விட்டு எழாமல் உட்கார்ந்து எழப் பழகு. எடை கொஞ்சம்கூட வேண்டாம். நரம்புகள்தான் முதலில் படிக்கின்றன என்று பார்த்தோம் அல்லவா? அவற்றுக்குப் பாடம் நடத்தத் துடைப்பக் கட்டை தாராளமாகப் போதும்.

"வெயிட் தூக்கினால் வளர மாட்டாய்" என்று பாட்டி சொல்லியிருக்கலாம். எலும்பின் முனையில் வளர்ச்சித் தட்டு என்ற மென்மையான பகுதி உன் வயதில் இருக்கிறது. அதில் அடிபடக் கூடாது என்ற பாட்டியின் பயம் நியாயம்தான். ஆனால் தெரிந்த பயிற்சியாளர் பக்கத்தில் நின்று, முறையாகச் சொல்லிக் கொடுத்துச் செய்யும் பயிற்சியால் உயரம் குறைவதாக ஆராய்ச்சிகளில் தெரியவில்லை. ஆள் இல்லாத ஜிம்மில், பந்தயம் கட்டிக்கொண்டு, தாங்காத எடையைத் தூக்குவதில்தான் ஆபத்து. பெஞ்ச் பிரஸ் மட்டும் எந்த வயதிலும் தனியாகச் செய்யாதே. கம்பி நெஞ்சின் மேல் உட்கார்ந்துவிட்டால் எடுத்துவிட ஆள் வேண்டும்.

பெண் பிள்ளைகளே, "உனக்கெதற்கு இதெல்லாம்" என்று யாராவது சொன்னால் மல்லேஸ்வரி பெயரைச் சொல்லுங்கள். சிட்னியில் அவர் தூக்கியது மொத்தம் 240 கிலோ. ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் அவர்தான்.

காலில் குறை இருக்கிற பிள்ளைக்கும் இந்த விளையாட்டில் இடம் இருக்கிறது. நம் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் கால் மீது பஸ் ஏறிச் சிதைந்த பிறகும், 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். அவர் ஆட்டம் உயரம் தாண்டுதல். அதே பாராலிம்பிக்கில் வலுதூக்குதலும் உண்டு. பெஞ்ச் பிரஸ் மட்டும். 2004 ஏதென்ஸில் ராஜிந்தர் சிங் ரஹேலு 157.5 கிலோ தள்ளி வெண்கலம் வாங்கினார். 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் சுதீர் 212 கிலோ தள்ளித் தங்கம் வாங்கினார்.

நம் பக்கத்தில் எங்காவது வலுதூக்கும் போட்டி என்று தட்டி வைத்திருந்தால் அப்பா அம்மாவிடம் சொல்லி ஒருமுறை போய் வா. போனால் மேடைக்கு நேர் எதிரே உட்காராதே, பக்கவாட்டில் உட்கார். அங்கிருந்துதான் இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கியதா என்று தெரியும். மேடையைச் சுற்றி மூன்று நடுவர்கள் இருப்பார்கள். சரியென்றால் வெள்ளை விளக்கு, தவறென்றால் சிவப்பு. மூன்றில் இரண்டு வெள்ளை எரிந்தால் தூக்கியது செல்லும். வீரர் நிமிர்ந்து கம்பியை ஸ்டாண்டில் வைத்ததும், விளக்கு எரிவதற்குள் உன் தீர்ப்பைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடு. எத்தனை தடவை நடுவர்களோடு ஒத்துப்போகிறாய் என்று பார்ப்போம்.